செம்பு–ஸ்டீல் பிரேசிங் ஜாயின்ட் விட்டுப்போவது

பிரேசிங்கில் (துண்டுகளை உருக்காமல், நடுவே வேறொரு உலோகத்தை உருக்கி ஓட்டி இணைப்பது) நீங்கள் உருக்கி ஓட்டும் ராடை மாற்றுங்கள், சரியாகிவிடும். செம்போடு செம்பு நன்றாகப் பிடிக்கிறது, ஸ்டீல் முனையில் மட்டும் லேசாக அசைத்ததும் விட்டுவிடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் அது பெரும்பாலும் பாஸ்பரஸ் கலந்த காப்பர் ராடு. செம்பில் அந்தப் பாஸ்பரஸே ஃப்ளக்ஸ் (உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடைக் கரைத்து, ராடு ஒட்ட உதவும் பொருள்) வேலையைச் செய்துவிடும். ஸ்டீலில் அது இரும்போடு சேர்ந்து, எளிதில் நொறுங்கும் மெல்லிய அடுக்காகிவிடுகிறது. வெளியே பார்க்க ஜாயின்ட் அழகாகத்தான் இருக்கும்.

விட்டுப்போன ஒன்றை எடுத்துப் பாருங்கள். ராடு உலோகம் முழுக்கச் செம்போடு போய், ஸ்டீல் பக்கம் மட்டும் வழித்தெடுத்த மாதிரி இருந்தால் காரணம் இதுதான். இரண்டு பக்கமும் கருப்படித்திருந்தால் சுத்தம் போதவில்லை.

45 சதவீத வெள்ளி ராடும் அதற்கான ஃப்ளக்ஸும் வாங்குங்கள். இணைக்கும் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே இடைவெளி 0.05 முதல் 0.13 மி.மீ. வரை இருக்கட்டும். செம்பு சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால் தீயை அதன் பக்கமே அதிகம் காட்டுங்கள். ஃப்ளக்ஸ் தண்ணீர் போலத் தெளிந்த பிறகு ராடை ஜாயின்ட்டில் வையுங்கள், தீயில் காட்டி உருக்காதீர்கள்.

பழைய ஜாயின்ட் மேலேயே வெள்ளி ராடை ஓட்ட வேண்டாம், பாஸ்பரஸ் உள்ளேயே இருக்கும். வெட்டிவிட்டுப் புது முனையில் செய்யுங்கள். அப்புறம், காட்மியம் இல்லாத ராடுதானா என்று கேட்டு வாங்குங்கள். காட்மியம் சூடாகி வரும் புகை உயிருக்கே ஆபத்து.