அப்பத்தா சொல்வது வெறும் அபிப்ராயமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

கானாடுகாத்தானில் எங்கள் வீடு பங்காளிகளுக்குப் பொது. முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுத் தூண்களைக் கழற்றி விற்றுவிடலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. மலேசியாவில் இருக்கும் பங்காளிகளைக் கேட்காமல் விற்பது பாவம் என்கிறார் அப்பத்தா. சித்தப்பா, "அது உங்க அபிப்ராயம் ஆத்தா, மூளையை ஸ்கேன் பண்ணியே பாத்துட்டாங்க, நல்லது கெட்டதெல்லாம் காப்பி பிடிக்கும் டீ பிடிக்கும்ங்கிற மாதிரிதான்" என்கிறார். அப்படித்தானா?

கல்லூரி மாணவி, காரைக்குடி

அன்புள்ள தங்கைக்கு,

சித்தப்பா சொல்லும் ஆய்வு இருக்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் ஜோர்டன் தெரியோ, லியான் யங் முதலானோர் செய்தது, 2017-இல் வெளிவந்தது. ஸ்கேனருக்குள் படுத்திருப்பவர்களுக்கு வாக்கியங்களைக் காட்டினார்கள். சில வெறும் தகவல், சில விருப்பு வெறுப்பு, சில நல்லது கெட்டது பற்றியவை. கடைசி இரண்டு வகைக்கும் நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுக்கோட்டை ஒட்டி மேலே இருக்கும் ஒரு பகுதி ஒரே மாதிரி வேலை செய்தது. தகவலுக்கும் அறத்துக்கும் அப்படிப் பொதுவாக எதுவும் தென்படவில்லை. கேட்டபோதும், அறம் தகவலைவிட விருப்பத்துக்குத்தான் பக்கத்தில் இருப்பதாக மக்கள் சொன்னார்கள்.

சரி, ஆனால் அந்தப் பகுதிக்கு என்ன வேலை? அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று நாம் யோசிக்கும்போது இயங்கும் இடங்களில் அது முக்கியமானது. ஆய்வாளர்களே இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள யார் மனதுக்குள்ளும் போக வேண்டியதில்லை. 'பங்காளியை ஏமாற்றுவது தப்பு' என்றால் ஏமாற்றுகிறவன் என்ன நினைத்தான், ஏமாந்தவனுக்கு எப்படி இருக்கும் என்று மனம் போய்விடுகிறது. காப்பி பிடிக்கும் என்பதற்கும் ஒரு மனசு வேண்டும். ஒற்றுமை அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இரண்டும் ஒன்று என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. வட்டிக்கணக்குப் போடும்போதும் மூளையில் ஏதோ ஓர் இடம் வேலை செய்யத்தான் செய்யும், கணக்குச் சரியா என்று பார்க்கப் பேரேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

உண்மையில் என்னை உறுத்துவது இன்னொரு ஆய்வு. ஜெஃப்ரி குட்வின், ஜான் டார்லி என்ற உளவியலாளர்கள் 2008-இல் காட்டியது: ஒரே ஆள் சில அறக் கூற்றுகளை மறுக்கமுடியாத உண்மையாகவும் சிலவற்றைச் சொந்தக் கருத்தாகவும் எடுத்துக்கொள்கிறார். கொள்ளையடிப்பது தப்பு என்பது ஏறக்குறைய உண்மை, கருக்கலைப்பு என்று வந்தால் அவரவர் கருத்து. ஏன் இந்த வித்தியாசம் என்று அவர்கள் 2012-இல் பார்த்தபோது, எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள் என்று தோன்றினாலே அந்தக் கூற்று அதிக உண்மையாகத் தெரிகிறது என்பது வெளிப்பட்டது. அதாவது 'இது வெறும் அபிப்ராயமில்லை' என்ற உறுதி பல நேரம் ஊர் ஒப்புதலில் இருந்து வருகிறது.

இது எவ்வளவு பெரிய ஆபத்து! மானுடவியலாளர் ரிச்சர்ட் ஷ்வேடரும் உடன் ஆய்ந்தவர்களும் 1987-இல் எழுதியதில், புவனேஸ்வரத்து பிராமணர்களுக்கு, அப்பா இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழி சாப்பிடுவது மிகக் கொடிய குற்றங்களில் ஒன்று. கைம்பெண் மீன் சாப்பிடுவதும் பெருந்தவறு. அவர்கள் அதை எங்கள் வழக்கம் என்று சொல்லவில்லை, எங்கும் தப்பு என்றே நினைத்தார்கள். ஒடிசாவரை போவானேன், தேவகோட்டைப் பக்கம் கண்டதேவி கோயிலிலேயே தேர்வடத்தைப் பட்டியல் சாதி மக்கள் தொடக்கூடாது என்பது பலருக்கு விவாதிக்க வேண்டிய விஷயமாகவே தெரியவில்லையே. வழக்கு நடந்து, தேர் பல வருஷம் ஓடாமல் நின்று, 2024 ஜூனில்தான் திரும்ப ஓடியது. ஊரே உறுதியாக இருந்ததால் அது சரியாகிவிடவில்லை. அதே மாதிரி, ஊரில் நாலு பேர் தூணை விற்றுவிட்டார்கள் என்பதால் அப்பத்தாவின் சொல் அபிப்ராயமாக இறங்கிவிடாது.

அப்புறம், அப்பத்தா சொல்வதில் இரண்டு இருக்கிறது, கலக்க வேண்டாம். ஐயா காலத்துத் தூணைக் கழற்றவே கூடாது என்று அவர் நினைத்தால் அதில் பாசமும் பழக்கமும் நிறைய உண்டு, பேசி முடிவெடுக்கலாம். கேட்காமல் விற்பது வேறு. பங்கு உள்ளவர் ஒருவர் இருக்கிறார், அவர் பொருள் அவருக்குத் தெரியாமல் போகிறது. இதற்கு ஊர் ஒப்புதலும் தேவையில்லை, ஸ்கேனும் தேவையில்லை. சித்தப்பாவிடம் சண்டைக்கு நிற்காமல் இதை மட்டும் கேளுங்கள்: மலேசியாக்காரர்கள் வந்து உங்களைக் கேட்காமல் கழற்றியிருந்தால், அது அவர்கள் அபிப்ராயம் என்று விட்டிருப்பீர்களா? அவர் பதில் சொல்வதற்குள் மலேசியாவுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள், என்ன விலை பேசியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.