சங்கத்தின் பழைய ஏடுகளையும் குறிப்பேடுகளையும் ஒலிநாடாக்களையும் பாதுகாக்கச் சர்வதேச உதவி எங்கே கிடைக்கும்?

வெள்ளவத்தையில் உள்ள உங்கள் சங்கத்தின் வாசிகசாலையில் 1950கள் தொடக்கமான கூட்டக் குறிப்பேடுகளும், நான்கு இறாக்கை நிறையச் சஞ்சிகைகளும் விழா மலர்களும், அன்பளிப்பாக வந்த சில பனையோலை ஏட்டுக்கட்டுகளும், ஒரு பெட்டி ஒலிநாடாக்களும் இருப்பதாகவும், இவற்றைப் பாதுகாக்க எந்த வெளிநாட்டு அமைப்பிடம் நிதி கேட்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நூலகப் பணியில் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நிதி தரும் இடங்களைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், சர்வதேச அமைப்புகளிடமிருந்து நம்மைப் போன்ற சிறிய நிலையங்களுக்குக் கிடைக்கும் பெரிய உதவி பணம் அன்று, விலையின்றிக் கிடைக்கும் அறிவே என்பதைச் சொல்லியாக வேண்டும்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையில் இருந்த என் மாமாவின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அவருடைய கடிதங்களும் நிழற்படங்களும் இருந்த இரும்புப் பெட்டியை நான்கு நாட்களின் பின்னரே திறந்தோம். எல்லாவற்றையும் மொட்டை மாடியில் வெயிலில் பரப்பினோம். மை கரைந்து போயிருந்தது, தாள்கள் சுருண்டன, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய படங்கள் காய்ந்து கட்டையாகி, பிரிக்கும்போது முகங்கள் உரிந்து வந்தன. நனைந்த தாளில் 48 மணித்தியாலங்களுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பதும், அதற்குள் உலர்த்த முடியாதவற்றைப் பொலித்தீன் பையிலிட்டு உறையவைத்தால் அவகாசம் கிடைக்கும் என்பதும், ஒட்டிய படங்களைக் காயவிடாமல் சுத்தமான குளிர்ந்த நீரிலிட்டு மெல்லப் பிரிக்க வேண்டும் என்பதும் அப்போதே இணையத்தில் எவரும் படிக்கக்கூடிய செய்திகளாக இருந்தன. நான் அவற்றைத் தேடிப் படித்தது அதன் பிறகுதான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வடகிழக்கு ஆவணப் பேணல் மையம் வெளியிடும் சிறு வழிகாட்டிகளிலிருந்து நீங்கள் தொடங்கலாம். நனைந்த நூல்களை மீட்பது, பெட்டிகளைத் தெரிவது, பூச்சிகளைக் கட்டுப்படுத்துவது என ஒவ்வொரு விடயத்துக்கும் சில பக்கங்களே கொண்ட குறிப்பை அது தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான இஃப்லா 1998இல் வெளியிட்ட நூலகப் பொருள்களைக் கையாளும் நெறிகளும் இலவசமே. இவை எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதும் பயன்பட்டது கனடியப் பேணல் நிறுவனத்தின் அணுகுமுறை. ஒரு சேகரிப்பை அழிக்கும் காரணிகளை அது பத்தாக வகுக்கிறது. தீ, நீர், பூச்சி, ஒளி, திருட்டு போன்றவை நாம் எதிர்பார்ப்பவை. எதிர்பாராதது ஒன்றும் அதில் இருக்கிறது: பொருள் இருந்தும் அது பற்றிய விபரம் அதைவிட்டுப் பிரிந்து போதல். பெயர் எழுதப்படாத குழுப்படமும், எந்தக் கூட்டத்தில் பதிவானது என்று தெரியாத ஒலிநாடாவும், முதற்பக்கம் கழன்ற குறிப்பேடும் இவ்வகையில் அடங்கும். இந்த இழப்பைத் தடுக்க ஒரு பென்சிலும், இன்னும் நம்மோடு இருக்கும் மூத்த உறுப்பினர்கள் சிலரும், சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். ஆகவே உங்கள் முதல் வேலை பட்டியல் எழுதுவது. படங்களின் பின்புறத்தில் பேனாவால் எழுத வேண்டாம்.

இந்த வழிகாட்டிகளைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்திருங்கள். பெரும்பாலானவை குளிர்நாடுகளில், நாள் முழுவதும் காற்றுச் சீராக்கப்பட்ட கட்டடங்களை எண்ணி எழுதப்பட்டவை. காற்றிலுள்ள ஈரத்தின் அளவான சாரீரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சண ஆபத்து உண்டு என்று அவை எச்சரிக்கின்றன. கொழும்பிலோ ஆண்டின் பெரும்பகுதியும் அது 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. அதற்காக ஒரு குளிரூட்டியை வாங்கிப் பொருத்தி, காலையில் போட்டு மாலையில் நிறுத்துவது தீர்வாகாது. பகலில் குளிர்ந்த தாளின் மேல் இரவில் ஈரக்காற்று படிவதால், நாள்தோறும் ஏறியிறங்கும் ஈரம் நிலையான ஈரத்தைவிடக் கூடுதலான தீங்கைச் செய்யும். மின்கட்டணத்தைத் தொடர்ந்து கட்ட முடியாத சங்கம் காற்றோட்டத்தை நம்புவதே நல்லது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், கீழ்த்தட்டைத் தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்துங்கள், மின்விசிறியைச் சுழலவிடுங்கள், கறையானும் இராமபாணப் பூச்சியும் வந்திருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை ஒவ்வொரு தட்டையும் பாருங்கள். பூச்சி உருண்டை வேண்டாம். அதன் ஆவி வாசகருக்கும் கெடுதி. பூச்சி அரித்த நூல்களைக் காற்றுப் புகாத பையிலிட்டு, சுழியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியசில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் உறையவைத்தால் பூச்சியும் முட்டையும் மடியும். ஏட்டுச் சுவடிகளுக்கும் படங்களுக்கும் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம்.

கிழிந்த பக்கத்துக்குச் செலோடேப் ஒட்டுவதையும் தாளுக்கு லாமினேட் செய்வதையும் இன்றோடு நிறுத்துங்கள். ஒரு நிலையத்தில் அறுபது ஆண்டுக் கூட்டக் குறிப்புகளை நல்லெண்ணத்தோடு லாமினேட் செய்து வைத்திருந்ததைக் கண்டு எனக்கு நெஞ்சு கனத்தது. அமிலமேறிய தாள் அந்த உறைக்குள்ளேயே பழுப்பேறிக்கொண்டிருந்தது. இனி அதைச் சேதமின்றிப் பிரிக்க வழியில்லை.

உங்கள் சேகரிப்பில் முதலில் காப்பாற்ற வேண்டியது எது என்று கேட்டால், ஏட்டுச் சுவடி என்று சொல்வீர்கள் என நினைக்கிறேன். நான் ஒலிநாடா என்று சொல்வேன். பதப்படுத்திய பனையோலை நம் வெப்பத்திலும் ஈரத்திலும் தலைமுறைகள் கடந்து நிற்கும்; நூல் கட்டி, சட்டமிட்டு, துணியில் சுற்றி வைத்தால் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். ஒலிநாடா காத்திருக்காது. அதன் காந்தப்பூச்சு உதிர்கிறது. அதைவிட வேகமாக, அதை ஒலிக்கச் செய்யும் கருவிகளும் திருத்தத் தெரிந்தவர்களும் இல்லாமற் போகிறார்கள். இதே கவலையினால்தான் யுனெஸ்கோவும் ஒலி, ஒளிச் சுவடிக்கூடங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாசாவும் சேர்ந்து 2019இல் காந்தநாடா எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கின. ஒலியை எப்படி எண்ணிமமாக்குவது, அதாவது டிஜிட்டல் கோப்பாக மாற்றுவது, என்பதற்கு ஐயாசாவின் தொழில்நுட்ப வழிகாட்டி இணையத்திலேயே உண்டு. அதன்படி 24 பிட் தரத்தில், சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 கேட்பதற்கான பிரதி மட்டுமே.

இனி நிதி. பிரித்தானிய நூலகம் நடத்தும் அழிநிலைச் சுவடிகள் திட்டம் 2004 முதல் ஆர்க்கேடியா என்ற அறக்கொடையின் நிதியில் இயங்குகிறது. பழங்காலச் சுவடிகளே அதன் நோக்கம் என்பதால், உங்களிடம் உள்ளவற்றில் ஏட்டுச் சுவடிகள் மட்டுமே அதற்குப் பொருந்தும். மூலப் பிரதி நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பது அத்திட்டத்தின் விதி; எண்ணிமப் பிரதிகள் மட்டும் இணையத்தில் திறந்து வைக்கப்படும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நம் பெரியவர்கள் அஞ்சினால் இந்த விதியை எடுத்துச் சொல்லுங்கள். குறிப்பேடுகள், மலர்கள், ஒலிநாடாக்கள் ஆகியவற்றுக்கு, அதே அறக்கொடையின் நிதியில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாக நூலகம் 2018இல் தொடங்கிய நவீன அழிநிலைச் சுவடிகள் திட்டமே பொருத்தமானது. அது 20ஆம், 21ஆம் நூற்றாண்டுப் பொருள்களுக்கானது. இரண்டு இடங்களிலும் உங்கள் பட்டியல் எவ்வளவு துல்லியமானது, பொருளின் உரிமை யாருடையது, ஆபத்து என்ன என்ற கேள்விகள் வரும். பட்டியல் இல்லாத சங்கம் அந்த விண்ணப்பத்தின் முதற் பக்கத்தைக்கூட நேர்மையாக நிரப்ப முடியாது.

விண்ணப்பிக்கும் முன் உள்ளூரில் இரண்டு இடங்களை அணுகுங்கள். கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலகம் இஃப்லாவின் பேணல் மையங்களில் ஒன்று. சர்வதேச வழிகாட்டிகளில் ஓலையைப் பற்றி விடை கிடைக்காத கேள்விகளை அங்கே கேட்கலாம். மற்றது, 2005 முதல் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனம். உங்கள் சஞ்சிகைகளில் எவை ஏற்கெனவே அங்கே ஏறியுள்ளன என்று பார்த்தால், இருமுறை ஸ்கேன் செய்யும் உழைப்பு மிச்சமாகும். எண்ணிமப் பிரதிகளை ஒரே கணினியில் விட்டுவைக்காமல், மூன்று பிரதிகளாக்கி ஒன்றையாவது வேறோர் ஊரில் வையுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் வேறெங்கும் பிரதி இல்லாதவை மீளவே இல்லை.

உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைப்பாளி இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நிலைக்கிறது. ஆகவே விழா மலர்களில் எழுதிய பெரும்பாலானோரின் ஆக்கங்கள் இன்னும் உரிமைக்குட்பட்டவையே. எண்ணிமமாக்கிய ஒன்றை இணையத்தில் வெளியிட எழுத்திலான சம்மதம் தேவை. அதை வாங்கும் வேலையைப் பட்டியலோடு சேர்த்தே தொடங்குங்கள். எழுதியவர்களின் பிள்ளைகள் வெள்ளவத்தையிலோ டொரொண்டோவிலோ இன்னும் தொலைபேசியில் அகப்படுகிறார்கள்.