முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடுகிறதே, ஏன்?

கேள்வி: டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோடணிந்த பெண்’ ஓவியத்தைப் பார்த்து ஆயில் பெயின்டில் வரைந்து பழகுகிறேன். சாயல் ஓரளவு வந்துவிடுகிறது. ஆனால் தோல் வெளிறிப்போய், சுண்ணாம்பு அடித்தது போல இருக்கிறது. எங்கே தவறு?
– வாசகி

பதில்: நிழலுக்குள் வெள்ளை போயிருக்கிறது. பெரும்பாலும் காரணம் இதுதான். கன்னத்து நிறத்தைக் கலந்து முகம் முழுக்கப் பூசிவிட்டு, அதிலேயே கறுப்பைச் சேர்த்து நிழல் செய்தால் சாம்பல்தான் மிஞ்சும். வெர்மீர் 1665 வாக்கில் போன வழி வேறு. பழுப்பும் கறுப்புமாக வெளிச்சம், நிழல் இரண்டையும் அடியில் அமைத்துவிட்டு, நிறத்தை அதன் மேல்தான் ஏற்றினார். நீங்கள் பழக வேண்டியது அந்த வரிசையை.

மூலத்தின் அளவு 44.5 × 39 செ.மீ. அதே அளவில் செய்யுங்கள். 3 செ.மீ. கட்டம் போட்டால் அகலத்தில் சரியாக 13, உயரத்தில் 15. கடைசி வரிசை மட்டும் அரை செ.மீ. குறையும். ப்ரைமர் அடித்த கேன்வாஸில் டர்பன்டைனில் கரைத்த ரா அம்பரை (மண்பழுப்பு நிறம்) மெல்லப் பூசி, துணியால் துடைத்துவிடுங்கள். வெள்ளைத் தளத்தில் எந்த நிறமும் இருண்டே தெரியும். அந்தப் பயத்தில்தான் கை மேலும் மேலும் வெள்ளையை எடுக்கிறது.

காய்ந்ததும் பர்ன்ட் அம்பரில் (அடர் செம்பழுப்பு) நிழல்களை மட்டும் வையுங்கள். இரண்டு நாளில் தொடும் அளவுக்குக் காய்ந்துவிடும். பிறகு தோல். வெளிச்சப் பகுதிக்கு டைட்டானியம் வெள்ளை நான்கு பட்டாணி அளவு, யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்) ஒரு பட்டாணி, வெர்மிலியன் ஹ்யூ (ஆரஞ்சு சாயலுள்ள சிவப்பு) கால் பட்டாணி. இடைநிறத்துக்கு அதிலேயே ரா அம்பரும் இன்னும் கொஞ்சம் ஆக்கரும். நிழலுக்கு பர்ன்ட் அம்பர், ஆக்கர், துளி சிவப்பு; வெள்ளை கூடவே கூடாது. நிழலை மெல்லிசாகவும் வெளிச்சத்தைக் கெட்டியாகவும் பூசுங்கள். (வெர்மீர் பயன்படுத்தியது ஈய வெள்ளை. அது நஞ்சு, பழகுவதற்கு வேண்டாம்.)

மூக்கில் ஒரு கோடு போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூலத்தில் மூக்குத் தண்டுக்கும், நம் பார்வைக்கு இடப்பக்கம் உள்ள கன்னத்துக்கும் நடுவே கோடே கிடையாது. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் கரைந்துவிடுகின்றன. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், புரியும். அந்த ஓரத்தை ஈரம் காய்வதற்குள் உலர்ந்த பிரஷ்ஷால் ஒற்றிக் கலைத்துவிட வேண்டும்.

முத்தும் அப்படித்தான். வட்டம் போடாதீர்கள், கொக்கியும் வரையாதீர்கள். மூலத்தில் கொக்கி இல்லை. இடப்பக்க மேலே கெட்டியாக ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே காலரின் பிரதிபலிப்பாக மங்கலான ஒரு பூச்சு, அவ்வளவே. பழைய புத்தகப் படத்தை வைத்து வரையாமல் இருப்பதும் நல்லது. 1994-இல் ஓவியத்தைச் சுத்தம் செய்தபோது, முத்தில் கூடுதலாகத் தெரிந்த ஒரு வெளிச்சப் புள்ளி உண்மையில் பெயர்ந்துபோன வண்ணச் செதில் என்று கண்டு அகற்றினார்கள்.

கேள்வி: பின்னணி கறுப்பா, பச்சையா?
– வாசகர்

பதில்: இன்று கறுப்பு, வரைந்த காலத்தில் பச்சைத் திரை. கறுப்புக்கு மேல் அவுரி நீலமும், வெல்ட் என்னும் செடியின் மஞ்சளும் சேர்ந்த ஒளி ஊடுருவும் பூச்சு இருந்தது. காலப்போக்கில் அது நிறம் மங்கிப்போயிற்று. 2018-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள மௌரிட்ஷவுஸ் அருங்காட்சியகம் தொடங்கிய ஆய்வில் திரையின் மடிப்புகளும் தெரியவந்தன. கிளேஸ் என்னும் இந்த ஒளி ஊடுருவும் பூச்சைப் பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கறுப்போடு அம்பர் கலந்து பூசி, நன்றாகக் காயவிட்டு (ஐவரி பிளாக் என்ற கறுப்பு மட்டும் என்றால் காய நாளாகும்), ஒளி ஊடுருவும் பச்சையை லின்சீட் ஆயிலில் இளக்கி மெல்லப் பூசுங்கள். அடியில் எண்ணெய் குறைவு, மேலே அதிகம் என்ற வரிசை மாறினால், மேலே காய்ந்த பூச்சு பின்னர் வெடிக்கும்.

கேள்வி: காய்ந்தபின் சில இடம் மட்டும் பளபளப்பின்றித் திட்டுத்திட்டாக நிற்கிறது. வார்னிஷ் அடிக்கலாமா?
– வாசகி

பதில்: இப்போது வேண்டாம். எண்ணெயை அடித்தளம் உறிஞ்சியிருக்கிறது. துணியில் சில சொட்டு லின்சீட் ஆயில் தொட்டு அந்தத் திட்டில் தேய்த்து, மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். வார்னிஷ் ஆறு மாதத்துக்குப் பிறகு. வெளிச்சப் பகுதிகள் கெட்டியாக இருந்தால் ஒரு வருடம் பொறுங்கள்.