வசனம் வாசித்தும் அதே எண்ணம் திரும்பி வந்தால் என்ன செய்வது?

கேள்வி: பைபிள் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். ஆனாலும் "என்னை யாருக்கும் பிடிக்கவில்லை", "இனி எதுவும் சரியாகாது" போன்ற எண்ணங்கள் ஓயாமல் வருகின்றன. வேதவசனத்தைக் கொண்டு எண்ணங்களை உண்மையின் பக்கம் திருப்புவது எப்படி?

பல வருடங்களாக எனக்கும் இதே போராட்டம் உண்டு. அதனால் எனக்கு உதவியதை மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்கு யாராவது பிலிப்பியர் 4:8-ஐக் காட்டியிருப்பார்கள். "உண்மையுள்ளவைகளெவைகளோ" என்று தொடங்கி "அவைகளையே சிந்தித்துக்கொண்டிருங்கள்" என்று முடிகிற வசனம். நல்லதை மட்டும் நினை, கெட்டதை மற என்றுதான் நான் அதை வெகுநாள் புரிந்துவைத்திருந்தேன். ஆனால் இதை எழுதிய அப்போஸ்தலன் பவுல் சொல்லும் 8 காரியங்களில் முதலில் நிற்பது உண்மை. அதை எழுதியபோது அவர் விலங்கிடப்பட்டிருந்தார். அதே நிருபத்தில், அதாவது கடிதத்தில், பொறாமையால் தனக்கு எதிராக நடப்பவர்களைப் பற்றியும், சாகும் நிலைக்குப் போய்வந்த தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்துவைப் பற்றியும், மனஸ்தாபத்தில் இருந்த இரண்டு பெண்களைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதுகிறார். வலிக்கிறதைப் பார்க்காதே என்று இவர் நமக்குச் சொல்லியிருக்க முடியாது.

அந்த வசனத்தில் "சிந்தித்துக்கொண்டிருங்கள்" என்பதற்குக் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல், கணக்குப் பார்ப்பதற்கும் வழங்கிய சொல். ஆபிரகாமின் விசுவாசம் "நீதியாக எண்ணப்பட்டது" என்று ரோமர் 4:3-ல் வருவதும் அதே வினைதான். நம் தமிழிலும் பாருங்கள், எண்ணுவது என்றால் நினைப்பது, எண்ணுவது என்றால் கணக்கிடுவது. இது எனக்குப் புரிந்த பிறகுதான் நோட்டை எடுத்து எழுதும் பழக்கம் வந்தது.

ஒரு இரவு நடந்ததைச் சொல்கிறேன். நெருங்கிய நண்பனுக்கு அனுப்பிய செய்தியை அவன் படித்துவிட்டான், பதில் வரவில்லை. நள்ளிரவு தாண்டியும் தூக்கமில்லை. "இவனும் என்னை ஒதுக்கிவிட்டான், எல்லோரும் கடைசியில் இப்படித்தான்" என்று மனம் தீர்ப்பே எழுதி முடித்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் மனம் சொல்வது, வலது பக்கம் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இடது பக்கம் மளமளவென்று நிறைந்தது. வலது பக்கம் "பதில் வரவில்லை" என்ற ஒரே வரி. வேறு என்ன தெரியும் என்று யோசித்தபோதுதான், போன வாரம் நாலு பேர் முன்னால் அவனைக் கிண்டலாகப் பேசியது நினைவுக்கு வந்தது. அதையும் எழுதினேன். எழுதும்போது கை கூசியது.

பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இயேசு சொன்னது அப்போது எனக்கென்றே சொன்னது போல இருந்தது. காலையில் அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் உண்மையிலேயே வருத்தத்தில்தான் இருந்தான். ஆறுதல் தேடி உட்கார்ந்த எனக்கு அந்த இரவில் கிடைத்தது என் தவறு. ஆனால் "எல்லோரும் கடைசியில் இப்படித்தான்" என்ற பொய்யைவிட அது எனக்கு எவ்வளவோ மேல். பொய்யை வைத்துக்கொண்டு நான் எதுவும் செய்திருக்க முடியாது, தவறுக்கு மன்னிப்புக் கேட்க முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 1 இராஜாக்கள் 19. "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்கிறான், உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடிய தீர்க்கதரிசி எலியா. முந்தைய அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். 100 தீர்க்கதரிசிகளைக் குகைகளில் ஒளித்துவைத்து, அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றியதை அரண்மனை அதிகாரி ஒபதியா அவனிடம் நேருக்கு நேர் சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் அவனுக்குத் தெரியும். தெரிந்த அந்த விஷயமும் அந்த நேரத்தில் கைக்கு எட்டவில்லை, அவ்வளவு களைப்பு. கர்த்தர் அவனைத் திட்டவில்லை. முதலில் தூங்கவிட்டார், தூதனை அனுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டு மறுபடி கொடுத்தார். ஓரேப் மலையில் கர்த்தருடைய மெல்லிய சத்தத்தைக் கேட்ட பிறகும் எலியா அதே வாக்கியத்தைத்தான் திருப்பிச் சொல்கிறான். அதற்கப்புறம்தான் கணக்கு வருகிறது: பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7000 பேர் இஸ்ரவேலில் இருக்கிறார்கள்.

அதனால் முதலில் உங்கள் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கவனியுங்கள். வாரக்கணக்கில் இருள் விலகவில்லையென்றால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், தயவுசெய்து தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.

வாசிப்பதைப் பொறுத்தவரை, நாளுக்கு ஒரு வசனம் எனப் பொறுக்குவதை நான் விட்டுவிட்டேன். சோதனைக்காரனான சாத்தான்கூட 91-ம் சங்கீதத்திலிருந்து இயேசுவிடம் வசனம் சொன்னான், "உன் வழிகளிலெல்லாம்" என்ற பகுதியை விட்டுவிட்டு. ஒரு சங்கீதத்தை முழுசாக எடுத்து ஒரு வாரம் அதிலேயே இருக்கிறேன், வாய்விட்டு வாசிக்கிறேன். முதலாம் சங்கீதத்தில் "தியானம்" என்று வரும் இடத்தில் உள்ள எபிரெயச் சொல்லுக்கு முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயாவில் சிங்கம் உறுமுவதற்கும் அதே சொல்தான். வாயும் காதும் சேரும்போது மனம் அலைவது எனக்குக் குறைகிறது.

நீங்கள் 42-ம் சங்கீதத்தில் தொடங்குங்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று தன் மனதைத் தானே நிறுத்திக் கேட்கிறவன் எழுதியது அது. "தேவனை நோக்கிக் காத்திரு" என்று பதிலும் சொல்லிக்கொள்கிறான். சொன்னதும் கலக்கம் போய்விடவில்லை. 5-ம் வசனத்தில் கேட்டதையே 11-ல் மறுபடி கேட்கிறான். அதன் தொடர்ச்சி போல வரும் 43-ம் சங்கீதத்தின் கடைசி வசனத்தில் மூன்றாம் முறையும் கேட்கிறான், அதே பதிலைச் சொல்கிறான்.