முதல் அடியைத் தாண்டிப் படியுங்கள்

கேள்வி: காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன். பள்ளியில் மனப்பாடப் பகுதியோடு செய்யுளை விட்டவன். கம்பன் விழாவுக்குப் போனால் எல்லோரும் கைதட்டும்போது நானும் தட்டுகிறேன், எதற்கென்று தெரிவதில்லை. இந்த வயதில் கவிதையை ரசித்துப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்? இலக்கணம் தெரிந்திருக்க வேண்டுமா?

பதில்: இலக்கணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முழுப் புத்தகமும் இப்போதைக்கு வேண்டாம். ஒரே ஒரு பாட்டு போதும், அதுவும் உங்கள் பக்கத்துப் பாட்டு: புறநானூறு 192. பாடியவர் கணியன் பூங்குன்றனார். திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கும் மகிபாலன்பட்டிதான் அந்தப் பூங்குன்றம் என்பார்கள்.

'யாதும் ஊரே யாவரும் கேளிர்' தெரியாதவர் உண்டா? ஆனால் பாட்டு 13 அடி. மேடை, அழைப்பிதழ், சுவர் என்று முதல் அடி மட்டும் ஊர் சுற்றுகிறது. மற்ற 12 அடியையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பாட்டின் கனமே அங்கேதான் இருக்கிறது.

உரையைத் திறக்காமல், வாய்விட்டு இரண்டு மூன்று தடவை படியுங்கள். பாதி புரியாது, பரவாயில்லை. அடி முடிகிற இடத்தில் வாக்கியமும் முடிகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

சாதலும் புதுவது அன்றே, வாழ்தல்
இனிதென மகிழ்ந்தன்றும் இலமே

சாவு புதிதில்லை என்று சொன்ன மூச்சிலேயே 'வாழ்தல்' வந்து அடியின் ஓரத்தில் நிற்கிறது. வாழ்தல், சரி, அதற்கென்ன? அடுத்த அடிக்குப் போனால்தான் தெரியும்: அதை இனிது என்று மகிழ்ந்ததும் இல்லையாம். உரைநடையில் எழுதிப் பாருங்கள், அந்தத் தயக்கம் காணாமல் போய்விடும். நீங்கள் தேடுகிற ரசனை இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது.

அடுத்து 'நீர்வழிப் படூஉம் புணைபோல்'. பாறையில் மோதி இரைகிற பேராற்றில் தெப்பம் போவதுபோல உயிரும் முறைவழியே போகும் என்கிறார். 'படும்' என்றாலே பொருள் வந்துவிடும். 'படூஉம்' என்று நீட்டுகிறார். யாப்புக்காகவும்தான், அதாவது செய்யுளின் அளவு சரியாக வருவதற்காகவும்தான். ஆனால் நீட்டிச் சொல்லிப் பாருங்கள், தெப்பம் நகர்வது காதிலேயே தெரியும். இதற்கு அளபெடை என்று பெயர். பெயர் தெரியாவிட்டாலும் காதுக்குக் கேட்கும்.

முடிவுக்கு வருவோம். எல்லா அடியும் நான்கு சீர், அதாவது ஓசைக்காகப் பிரித்த நான்கு துண்டு. கடைசிக்கு முந்தைய அடியான 'பெரியோரை வியத்தலும் இலமே' மட்டும் மூன்று. குரல் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு, 'சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்று இறங்குகிறது. பெரியவர்களை வியப்பதில்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. அந்த 'அதனினும்' என்ற சொல்லுக்காகவே நான் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

இனி உரையைத் திறக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் மூலமும் உரையும் இலவசமாகவே இருக்கின்றன. ஓர் உரை போதும். நான்கைந்து உரை வாங்கி அடுக்கிவிட்டு முதல் பக்கத்தைத் தாண்டாதவர்கள் ஏராளம்.

சரி, கம்பன்? சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு அவனுக்குப் பயப்படலாமா! அயோத்தியா காண்டத்தில், பரதன் படையோடு வருவதைப் பார்த்துக் குகன் கொதிக்கும் இடத்தை எடுங்கள். 'தோழமை என்றவர் சொல்லிய சொல்லொரு சொல்லன்றோ' என்று ஓர் அடி வரும். அந்தப் பாட்டின் நான்கு அடியும் கேள்விதான். நான்கும் ஓகாரத்தில் முடியும். கோபக்காரன் பேசுகிற வேகத்திலேயே படியுங்கள், அகராதி அதிகம் தேவைப்படாது. பிடித்துவிட்டால் அந்தப் படலத்தை முழுசாகப் படியுங்கள். பால காண்டத்திலிருந்து வரிசையாகத்தான் வர வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.