பின்னால் ஏழு பல்

அன்புள்ள அண்ணா,

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். பள்ளத்தில் அம்மா போடும் காய்கறியை மோட்டார்சைக்கிளில் ஏற்றி வருவது என் வேலை. பள்ளத்திலிருந்து கூடையோடு மேடு ஏற வண்டி திணறியது. ஒர்க்‌ஷாப்பில் பின் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, 35 பல்லிலிருந்து 42க்கு மாற்றி, "இப்போ பவர் கூடிடுச்சு" என்றார்கள். மேடு ஏறுகிறது. ஆனால் வேலைக்கு ஈப்போ போகும்போது இன்ஜின் அலறுகிறது, வேகமே இல்லை. பவர் கூடியிருந்தால் வேகம் எங்கே போனது?

அன்புள்ள தம்பி,

பவர் கூடவில்லை. இன்ஜின் அதேதான், அது தரும் பவரும் அதேதான். கூடியது இழுவை, அதாவது முறுக்குவிசை.

இறுகிப்போன நட்டைக் கழற்ற ஸ்பேனரில் பைப்பைச் செருகுவார்கள், பார்த்திருப்பீர்கள். நட் லேசாகத் திரும்பும், ஆனால் கை முன்பைவிட நீண்ட தூரம் வட்டமடிக்க வேண்டும். பெரிய ஸ்ப்ராக்கெட்டும் அந்தப் பைப் மாதிரிதான். செயின் இழுக்கிற இடம் அச்சிலிருந்து தள்ளிப்போவதால் சக்கரம் பலமாகத் திரும்புகிறது, மெதுவாகவும் திரும்புகிறது.

முன்னால், இன்ஜின் பக்கப் பல்சக்கரத்தில், 14 பல் என்று வைத்துக்கொள்வோம். 35ஐ 14ஆல் வகுத்தால் 2.5. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, முன் பல்சக்கரம் இரண்டரைச் சுற்று சுற்றியது. இப்போது மூன்று. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, முன் பல்லில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, பின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி எண்ணிப் பாருங்கள். விரல் மட்டும் செயின் பக்கம் போகக்கூடாது.

ஆக இழுவை 1.2 மடங்கு. வேகமோ ஆறில் ஐந்து பங்கு; முன்பு 90 கிலோமீட்டரில் போன அதே இன்ஜின் சுழற்சிக்கு இப்போது 75தான். பவர் என்பது இழுவையையும் வேகத்தையும் பெருக்கியது. 1.2ஐ ஆறில் ஐந்தால் பெருக்குங்கள், 1 வரும், அதாவது முன்பு இருந்த அதே அளவு. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஒன்றுதான் உங்கள் இன்ஜினின் பவர், எத்தனை பல் மாற்றினாலும் அது அசையாது.

சரி, என்ன செய்யலாம்? மேடு வாரத்துக்குச் சில நாள், ஈப்போ தினமும் என்றால் 42 அதிகம். பின்னால் பழைய 35, முன்னால் 13 போடச் சொல்லுங்கள். முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் கிட்டத்தட்ட மூன்று பல் கூட்டியதற்குச் சமம்; 35ஐ 13ஆல் வகுத்தால் 2.69 வரும். மேட்டுக்கு முதல் கியரிலேயே கிளம்புங்கள்.

அப்புறம், 42க்காகச் செயினில் கண்ணி சேர்த்திருப்பார்கள். மறக்காமல் கழற்றச் சொல்லுங்கள். தொய்ந்த செயின் மேட்டுப் பாதையில் கழன்றால் கூடையோடு சரிய வேண்டியதுதான்.