பிளஸ் டூ முடித்தவர்கள் எந்தக் கல்லூரி என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

என் விஷயத்தில் முடிவு செய்தது காலேஜ் பஸ்தான்.

2011-இல் இன்ஜினியரிங் கவுன்சிலிங் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் நடந்தது. அப்பாவும் நானும் இரவு பஸ் பிடித்துப் போனோம். எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று பெரிய திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். நான் குறித்து வைத்திருந்தது கண்ணெதிரே மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கித் தீர்ந்தது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "நம்ம ஊருக்கு அவங்க பஸ் வருதா?" வந்தது, சேர்ந்தேன், நாலு வருஷம் அந்த பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

2018 முதல் கவுன்சிலிங் ஆன்லைன். நெரிசல் போய்விட்டது, பயம் போகவில்லை. போன வருஷம் அக்கா மகள் சாய்ஸ் ஃபில்லிங் பட்டியலை, அதாவது வேண்டிய கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்திக் கொடுக்கும் பட்டியலைக் காட்டினாள். கட்டாயம் கிடைக்கும் என்று நினைத்த கல்லூரி முதலில், ஆசைப்பட்டதெல்லாம் கீழே. ஏன் என்றால், "பெரிய காலேஜை மேல போட்டா கிடைக்கிறதும் போயிடுமாம் மாமா." யாரோ டியூஷனில் சொன்னார்களாம்.

சுத்தத் தப்பு. உங்கள் ரேங்க் வரும்போது கம்ப்யூட்டர் பட்டியலை மேலிருந்து பார்க்கிறது, இடம் இருக்கிற முதல் சாய்ஸைக் கொடுத்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் எட்டாததை மேலே போட்டால் நஷ்டம் கிடையாது. எளிதில் கிடைப்பதை மேலே போட்டால்தான் நஷ்டம். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம், 20 மட்டும் போட்டுவிட்டுப் பட்டியலை லாக் செய்து முடித்துவிடாதீர்கள். பழைய கட்-ஆஃப் (முந்தைய வருஷம் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்) பார்க்கும்போது 200-க்கு எவ்வளவு என்பதோடு, உங்கள் சமூகப் பிரிவுக்கு எவ்வளவு என்றும் பாருங்கள், பொதுப்பிரிவு எண்ணைப் பார்த்துப் பயந்து பின்வாங்குகிறவர்கள் நிறைய.

அப்புறம், தன்னாட்சி (சொந்தமாகப் பாடத்திட்டமும் தேர்வும் வைத்துக்கொள்ளும் உரிமை) இல்லாத இணைப்புக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டமும் கேள்வித்தாளும்தான். அங்கே வித்தியாசம் வாத்தியாரிலும் லேபிலும் மட்டும். அதை ஃபிளெக்ஸ் போர்டில் பார்க்க முடியாது (மூன்று கம்பெனியில் வேலை கிடைத்த ஒரே பையன் மூன்று இடத்தில் சிரிப்பான்). ஒரு வேலைநாளில் நேரில் போய், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கிற ஃபைனல் இயர் பையனிடம் கேளுங்கள்.

பட்டியலைத் தலைகீழாக்கினோம். முதலில் ஒன்பதாவது சாய்ஸ் வந்தது. ஒத்துக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ளதில் இடம் வந்தால் வேண்டும் என்று கொடுத்தாள், நாலாவது கிடைத்தது. அந்தக் காலேஜ் பஸ் எங்கள் ஊருக்கு வராது. ஹாஸ்டல் ஃபீஸ் கட்டும்போதெல்லாம் அக்கா எனக்கு போன் செய்கிறாள்.